பெயருக்குப் பக்கத்தில் (பொ)

தலைக்கு டை அடித்துவிட்டு ஊறுவதற்காகப் புறவாசலில் உட்கார்ந்திருக்கிற மனுசனைவிடக் கையாலாகாதவன் உலகத்தில் எவனும் கிடையாது என்று குருவையாவுக்குத் தோன்றியது. சாய முடியாது, சொறிய முடியாது, சட்டை போட முடியாது, முன்வாசலில் யார் வந்தாலும் எட்டிப் பார்க்க முடியாது. துவைகல்லில் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு, கொட்டாங்குச்சியில் மிச்சமிருந்த கறுப்புக் குழம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், பூவாணிகுளம் ஊராட்சியின் பிரசிடெண்ட். பிரசிடெண்ட் என்றால் முழு பிரசிடெண்ட் இல்லை, பொறுப்பு. காது ரெண்டும் தெருப்பக்கமே இருந்தது. வெடிச் சத்தம் கேட்டால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். கேட்காத வரைக்கும் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். எது நல்லது என்றுதான் தெரியவில்லை. இன்று தலைவர் தேர்தல் வேட்புமனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள், மூணு மணியோடு சரி. நிற்பது ரெண்டே பேர்: அவரும், ரோட்டோரம் பஞ்சர்க் கடை வைத்திருக்கிற காலனி அந்தோணிதாசும். நேற்றுச் சாயங்காலம் வடக்குத் தெரு ஆவுடையப்பனும் தெற்குத் தெரு பெருமாள்சாமியும், ஆயுசு பூராவும் எலியும் பூனையுமாக இருந்த ரெண்டு பேரும், ஒரே காரில் வந்து இறங்கினார்கள். "தாசை நாங்க பாத்துக்கிடுதோம் மாப்ளே. போட்டியில்லாம வந்துருவீரு. நீரு ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாப் போதும்." கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். குளத்தில் மிஞ்சுகிற தண்ணீர் வெளியே போகிற மறுகாலில் பழையபடி மண்மூட்டை அடுக்கவேண்டும், அதையும் கண்டுகொள்ளாமல் சும்மா இருந்தால் போதும். ஆக மொத்தம் சும்மா இருப்பதுதான் உத்தியோகம். அவரும் "சரி மாமா" என்றார். அந்தச் 'சரி'தான் இப்போது மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. காபி குடித்துப் பார்த்தார், இறங்கவில்லை. மாலை போட்டுப் போட்டோ எடுப்பாங்க, நரைத் தலையோட நிக்காதீரும் என்று இந்த டை பாக்கெட்டைக்கூட ஆவுடையப்பன்தான் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மனுசன் என்ன ஒரு முன்யோசனை!

டப் என்று ஒரு சத்தம். குருவையாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. வெடியா? இல்லை, பக்கத்து வீட்டில் எவளோ தேங்காய் உடைக்கிறாள். நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டது. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு எவனாவது பிரசிடெண்டாக இருப்பானா? ஆனால் இருந்தாரே, ஒண்ணரை வருசமாக. அதுதான் அதிசயம். அவர் எதற்கும் ஆசைப்பட்டதே கிடையாது. பஞ்சாலை மூடியதும் பெண்டாட்டி ஊருக்கு வந்து குடியேறியவர், ஊருக்கே மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குப் பந்தியில் முதல் இலை உண்டு, பஞ்சாயத்தில் வாய் கிடையாது. ஆள் கிடைக்கவில்லை என்று நாலாவது வார்டுக்கு மனுப் போடச் சொன்னார்கள், போட்டார். எதிர்த்து நின்றவனுக்கு முன்மொழிந்தவன் வேறு வார்டுக்காரன் என்று அவன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஒரு ஓட்டு விழாமலே மெம்பர். சரி, மெம்பர்தானே என்றிருந்தால் அடுத்து உபதலைவர் தேர்தல். வடக்குத் தெரு ஒருத்தனைச் சொல்ல, தெற்குத் தெரு ஒருத்தனைச் சொல்ல, கைகலப்பு வரை போய், கடைசியில் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வடக்கனுக்கு வெள்ளைப் பூ, தெற்கனுக்குச் சிவப்புப் பூ. வாழையிலையில் பொட்டலம் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் உருட்டிவிட, சின்னப் பிள்ளை ஒன்று எடுத்துக் கொடுக்கும். இந்த ஊர் வழக்கத்தில் மூணாவதாக ஒரு வெறும் பொட்டலமும் உண்டு. அது வந்தால் அம்மன் வாய் திறக்கவில்லை, அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பப் பார்க்கவேண்டும். அந்தப் பிள்ளை அதைத்தான் எடுத்தாள். அம்மன் ஒரு வாரம் பொறுப்பாள், பஞ்சாயத்து ஆபீசில் வந்து உட்கார்ந்திருக்கிற அதிகாரி பொறுப்பாரா? தேர்தல் அன்றைக்கே மத்தியானம். காலையில் பூக்கட்டி மத்தியானம் தேர்தல் வைத்துக்கொண்ட புத்திசாலிகள், வெறும் பொட்டலத்தைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தார்கள். அப்போதுதான் பெருமாள்சாமி கண்ணில் இவர் பட்டார், தூணோரம், இலையில் சர்க்கரைப் பொங்கலோடு. "இந்தா நிக்காருல்லா வெறும் பொட்டலம்! ரெண்டு தெருவுக்கும் பொதுவா மாப்ளையைப் போடுங்கலே!" கோயிலே சிரித்தது. இவரும் சிரித்தார். வாயில் பொங்கல் இருந்தது, வேறு என்ன செய்ய. பிறகு தலைவர் சங்கரலிங்கம் குளியலறையில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமலே போனார். எழவு வீட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற குருவையாவின் காதில் கிளர்க் வந்து, "சார், இனி செக்குல நீங்கதான் கையெழுத்துப் போடணும்" என்றார். அழுகை அப்படியே நின்றுவிட்டது. துக்கம் இல்லாமல் இல்லை. பயம் வந்தால் அவருக்கு மற்றதெல்லாம் நின்றுவிடும்.

காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு இறங்கியது. துடைத்தால் கன்னமெல்லாம் கறுப்பாகும். இறங்கட்டும். ஆபீஸ் சுவரில் தலைவர்கள் பெயர் எழுதிய பலகை இருக்கிறது, எல்லாப் பெயரும் வெள்ளை எழுத்தில் கம்பீரமாக. கடைசி வரியில், சி. குருவையா, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சின்னதாக, பொ. தினமும் உள்ளே நுழையும்போது கண் நேரே அங்கேதான் போகும். பல்லில் சிக்கிய பாக்குத்தூளை நாக்கு தேடிப் போவது மாதிரி. சங்கரலிங்கத்தின் நாற்காலியில் முதல் மூணு மாசம் உட்காரவே இல்லை, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டார். சுதந்திர தினத்துக் கொடியை ஏற்றும்போது முடிச்சு அவிழவில்லை, ஆவுடையப்பன் வந்து ஒரு சுண்டு சுண்டினார், பூ கொட்டியது, எல்லோரும் அவரைப் பார்த்தே கைதட்டினார்கள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அன்றைக்கே நடந்த கிராமசபையில்தான் அது நடந்தது. தாசின் அம்மா ஞானப்பூ, ஒல்லிக்குச்சி உடம்பு, ஆனால் தொண்டை மட்டும் வெண்கலம், எழுந்து நின்று காலனிக்குக் குழாய் எப்போ வரும் என்று கேட்டாள். இவர் வழக்கம்போல, "பாப்போம்மா" என்றார். "என்னத்தைப் பாப்ப? ஓட்டு வாங்கி வந்தவன்னா அடுத்த தடவை வேணும்னு பயப்படுவான். ஒனக்கு யாருய்யா ஓட்டுப் போட்டா?" சபை கொல்லென்று சிரித்தது. ஒனக்கு யாருய்யா ஓட்டுப் போட்டா. நியாயமான கேள்விதானே. சாப்பிடும்போது, குளிக்கும்போது, பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, அந்த வெண்கலத் தொண்டை வந்து கேட்கும். யாரும் போடவில்லை தாயே. யாரும் போடவில்லை.

டம் டம் என்று மறுபடியும் சத்தம். எழுந்தேவிட்டார். வெறும் மோட்டார் சைக்கிள், சைலன்சர் ஓட்டையானது. உட்கார்ந்தார். "எந்திரிச்சு எந்திரிச்சு உக்காராதீங்க, மேலெல்லாம் ஒழுகும்!" என்று அடுப்பங்கரையிலிருந்து செண்பகவல்லி சத்தம் போட்டாள். "இன்னும் கொஞ்சம் ஊறணும். என்ன அவசரம், பொண்ணு பாக்கவா போறீங்க?" அவளுக்கு இன்றைக்கு நல்ல குஷி. கேசரிக்கு ரவை வறுக்கிற வாசம் வந்தது. அவள் வறுக்கட்டும். போன ஐப்பசி மழையிலும் இதே வாசம்தான் அடித்தது. அன்றைக்குக் குளம் நிறைந்து தண்ணீர் போக வழியில்லாமல் காலனிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. வழி இல்லாமல் என்ன, மறுகால் என்று ஒன்று அதற்குத்தானே இருக்கிறது. இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் நிறுத்தவேண்டும் என்று ஆவுடையப்பனும் பெருமாள்சாமியும் அதில் மண்மூட்டையை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். மூட்டையைத் தள்ளினால் தண்ணீர் போய்விடும், போகிற வழியில் ஆவுடையப்பனின் வாழை. யாரிடம் கேட்பது? ஆவுடையப்பனுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. பெருமாள்சாமிக்குப் போட்டார், "பொறும் மாப்ளே, மழை வெறிச்சிரும்" என்றார். தாசில்தார் ஆபீசில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலனியில் இடுப்பளவு தண்ணீரில் ஞானப்பூ ஆட்டுக்குட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. செத்துக்கித்துப் போனால் யார் தலையில் விழும்? பொறுப்பு யார்? அடைப்புக்குறிக்குள் எழுதியே வைத்திருக்கிறான். "தள்ளுங்கலே மூட்டையை!" என்று யாரோ கத்தினார்கள். யாரென்று திரும்பிப் பார்த்தார், தன் தொண்டைதான். தாசும் நாலு பேரும் இறங்கித் தள்ளினார்கள். ஒரு மணி நேரத்தில் காலனியில் தண்ணீர் வடிந்தது, வாழை சாய்ந்தது. தைரியசாலி என்று நாலு பேர் சொன்னார்கள். தைரியமாவது மண்ணாவது, பயத்தில் செய்தது. பயத்தில் செய்ததற்கு ஒருத்தன் ஓட்டுப் போடுவானா? போடமாட்டான். போட்டாலும் போடுவான்.

இதுதான். இந்த 'போட்டாலும் போடுவான்'தான் ஆளைக் கொல்கிறது. மனுப் போட்ட நாளிலிருந்து அவருக்கு ஒரு சின்ன ஆசை, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சின்னம் கொடுப்பார்களே, பூட்டு சாவியோ, கத்திரிக்காயோ, ஏதோ ஒன்று. ஒரு கத்திரிக்காய் கிடைத்தால்கூடப் போதும். அதற்கு நேரே முகம் தெரியாத யாரோ ஒரு ஆள், மறைப்புக்குப் பின்னால் குனிந்து நின்று, யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், இந்த ஆள் இருக்கட்டும் என்று ஒரு முத்திரை குத்தவேண்டும். அறுபது வயசில் இது ஒரு ஆசையா? ஆசைதான். கல்யாணத்திலிருந்து பதவி வரைக்கும் எல்லாம் யாரோ பார்த்து வைத்தது. பிடித்து வைத்த பிள்ளையார். ஆனால் பெட்டியைத் திறந்து கொட்டும்போது, தாசு, தாசு, தாசு என்றே வந்துகொண்டிருந்தால்? எண்ணுகிறவர் ஒரு சீட்டை எடுத்து, இந்தா குருவையாவுக்கு ஒண்ணு என்று சிரித்தால்? அந்த ஒன்றும் தான் போட்டதாக இருந்தால்? செண்பகவல்லி போடுவாளா? போடாமல் எங்கே போவாள். ஆனால் அவள் மனசை யார் கண்டது, கல்யாணமான புதிதில் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலை பிடிக்கவில்லை என்று இருபது வருசம் கழித்துத்தானே சொன்னாள். வேண்டாமப்பா. போட்டியில்லாமல் வருவதுதான் மரியாதை. கரும்பு தின்னக் கூலியா கேட்பார்கள்? ஊரே சேர்ந்து கொடுக்கிறது. ஊர் என்றால் யார்? ரெண்டு பேர். ஒரு கார். மறுகாலில் திரும்ப மூட்டை. அடுத்த ஐப்பசியில் அந்த ஆட்டுக்குட்டி. ஞானப்பூ மறுபடியும் ஒரு சபையில் எழுந்து நிற்பாள், ஒனக்கு யாருய்யா ஓட்டுப் போட்டா என்று. அப்போதும் யாரும் இல்லை தாயே என்றுதான் சொல்லவேண்டும், சாகிற வரைக்கும். தலை எரிந்தது. டை எரிகிறதா, உள்ளே இருப்பது எரிகிறதா, தெரியவில்லை. தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறது. தோற்றவனுக்கும் ஒரு கணக்கு உண்டே. இவனுக்கு இத்தனை பேர் என்று சொல்வார்கள். எத்தனை பேர் என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். சன்னல் திட்டில் போன் இருந்தது. கை நீண்டது, மடங்கியது, திரும்ப நீண்டது. ஏலே, எடுத்துருலே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விரலெல்லாம் கறுப்பு, திரை அசையவில்லை. துண்டில் துடைத்து, எச்சில் தொட்டு, திரும்பத் தேய்த்து, ஒருவழியாகத் தாசின் பெயரை அமுக்கினார்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றான் தாஸ். பின்னால் காற்றடிக்கிற கம்ப்ரஸர் உறுமியது.

"தாசு, வாபஸ் கீபஸ் வாங்கிராத. யாரு வந்து என்ன சொன்னாலும் கையெழுத்துப் போட்டுறாத, கேட்டியா? ரெண்டு பேரும் நிப்போம்."

கம்ப்ரஸர் நின்றது. "இப்பத்தான் அண்ணாச்சி கொண்டாந்து எறக்கி விட்டுட்டுப் போறாங்க. போட்டாச்சு."

"போட்டாச்சா?"

"கடை இருக்க எடம் பெருமாள்சாமியோடதுல்லா. காலி பண்ணுன்னாரு. சரி, வேற எடம் பாத்துக்கிடுதேன்னுதான் சொன்னேன். அப்புறம், மாப்ளையே ஒன்கிட்ட கேக்கச் சொன்னாரு, அவரு மானம் போயிரும் தாசுன்னாங்க. நீங்கதான் கேட்டியள்னா நான் என்ன சொல்ல? தண்ணிக்குள்ள ஒண்ணா நின்னிருக்கோம்."

"நான் சொல்லலை தாசு" என்றார் குருவையா. சொல்லும்போதே அது பொய் மாதிரிதான் இருந்தது. நேற்றுச் சொன்ன 'சரி' வேறென்ன? அதைத்தான் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவனிடம் காட்டியிருக்கிறார்கள்.

"எங்கம்மா காலையிலருந்து ஏசிக்கிட்டே இருக்கா. நான் மனுப் போட்ட அன்னைக்கே சொல்லிட்டா அண்ணாச்சி, பெத்த பிள்ளைக்குச் சோறுதான் போடுவேன், ஓட்டு அந்த மனுசனுக்குத்தான்னு. காலனியில இன்னும் கொஞ்சப் பேரு அப்படித்தான் இருந்தாங்க. எனக்கு நீங்க ஜெயிச்சுருவீங்களோன்னுகூட ஒரு பயம்." தாஸ் லேசாகச் சிரித்தான். அதற்குள் பின்னாலிருந்து, "யாருலே போன்ல?" என்று அந்த வெண்கலத் தொண்டை கேட்டது. போன் கை மாறுகிற சத்தம். குருவையா எழுந்து நின்றுவிட்டார்.

"ஏய்யா" என்றாள் ஞானப்பூ. இந்தத் தடவை சத்தமே இல்லை. "ஒரே ஒரு தடவை போட விட்டிருக்கக் கூடாதா?"

அவர் வாயைத் திறந்தார். தெருவில் பத்தாயிரம் வாலா வெடிக்கத் தொடங்கியது. காக்காயெல்லாம் பதறி எழுந்து முருங்கை மரத்துக்கு மேலே சுற்றின. காதில் போனை அழுத்திக்கொண்டு என்னமோ சொன்னார், என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்கவில்லை, மறுபக்கம் எப்படிக் கேட்டிருக்கும். வெடி ஓய்ந்தபோது போன் கட்டாகியிருந்தது. செண்பகவல்லி ஓடிவந்து, "ஒங்க மாமாவெல்லாம் மாலையோட வந்துட்டாங்க, குனிங்க குனிங்க" என்று செம்பு செம்பாகத் தலையில் ஊற்றினாள். கறுப்பாய்த் தண்ணீர் முகத்தில் வழிந்தது. கண் எரிந்தது, நல்லதாய்ப் போயிற்று, அழுவது தெரியாது. குனிந்தபடியே கேட்டார், "ஏளா, எலெக்‌ஷன் நடந்திருந்தா நீ யாருக்குப் போட்டிருப்ப?"

அவள் கை ஒரு நிமிசம் நின்றது. "நல்லாருக்கே கேள்வி" என்றாள். "அதைப் பொட்டியில போட்டிருப்பேன். ஒங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?" திரும்பவும் ஊற்றினாள்.

முன்வாசலில் ஒரே கூட்டம். கன்னங்கரேலென்ற தலையும் ஈரச் சட்டையுமாக அவர் வந்து நின்றதும் ரோஜா மாலை விழுந்தது. வடக்கும் தெற்கும் ஆளுக்கொரு பக்கம் தோளில் கை போட்டன. "சொன்னேன்லா மாப்ளே, சும்மா இருந்தாப் போதும்னு!" என்றார் ஆவுடையப்பன். "நாளைக்கே பெயிண்டரை வரச் சொல்லி ஆபீஸ் போர்டுல அந்த (பொ)வை அழிச்சிருதோம். நாளைக்கழிச்சு ஆள் வச்சு மறுகால்ல மூட்டையை அடுக்கிருதோம்."

"அது இருக்கட்டும் மாமா, அழிக்க வேண்டாம்" என்றார் குருவையா. என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று கூட்டம் சிரித்தது. போட்டோக்காரன் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னான். நெஞ்சு பழையபடி அடித்துக்கொண்டுதான் இருந்தது. அது அடிக்கட்டும், அதற்கு வேறு வேலை தெரியாது. "மூட்டையும் வேண்டாம்" என்றார்.

சிரிப்பு நின்றது. தோளில் கிடந்த ரெண்டு கையில் ஒன்று இறங்கியது. பெருமாள்சாமி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார், யாரோ புது ஆளைப் பார்ப்பது மாதிரி. "யாரு சொல்லி வே இந்தப் பேச்சுப் பேசுதீரு?"

கழுத்தில் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்த கறுப்புச் சாயம் மாலையில் சொட்டியது. குருவையா அதைத் துடைக்கவில்லை.

"எனக்கு ஓட்டுப் போட்டவ சொன்னா" என்றார்.